ஆப்செட் அச்சும் நம் இளைஞர்களும்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடைகளில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். நாமும் அவ்வாறே பேச எண்ணிக் குறிப்பும் எழுதி வைத்திருந்தோம். சென்ற மாதம் நடந்த ஒன்று அக்குறிப்பைக் கிழித்தெறியச் செய்துவிட்டது.

நம் சங்கம் வாங்கி இரவுப் பாடசாலையின் பின்கட்டில் நிறுத்தியுள்ள பழைய ஒற்றை வண்ண ஆப்செட் இயந்திரத்தை நீங்கள் அறிவீர்கள். அதில் முதன்முதலாக நம் இளைஞர்களே இவ்விழாவின் அறிவிப்பை 2,000 தாள் அச்சிட்டனர். அத்தாள்களின் வெள்ளைப் பகுதியெல்லாம் சாம்பல் படிந்திருந்தது, எழுத்துகள் வெளிறியிருந்தன, ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டி, அண்ணல் அம்பேத்கரின் படம் பின்புறத்திலும் நிழலாகத் தெரிந்தது. வேறு வழியின்றி வெளியில் கொடுத்து மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. அன்று மாலை செயற்குழுவில், "இது நம் பிள்ளைகளால் ஆகாத வேலை, இயந்திரத்தை விற்றுப் பணத்தை வங்கியில் போடுவோம்" என்று பெரியவர்கள் சிலர் கூறினர். அவர்கள்மீது நமக்கு வருத்தமில்லை. அது சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். எனினும் அத்தீர்மானம் அடுத்த மாதம் வாக்கெடுப்புக்கு வருமுன், அன்று இயந்திரத்தில் உண்மையில் நடந்தது என்ன என்பதை எல்லாரும் அறிதல் வேண்டும் என்று கருதினோம்.

பள்ளித் தலைமையாசிரியருக்கு அச்சு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். நாம் பி.ஏ. பயின்றபோது, 1989 முதல் 1991 வரை, இரவு நேரங்களில் ஓர் அச்சகத்தில் வேலை செய்துதான் சாப்பாட்டுக் கட்டணம் செலுத்தினோம். அங்கு நமக்குக் கிடைத்த பெயர் 'ரோலர் கழுவுற பையன்'. காகிதக் கட்டுகளைச் சுமப்பதும், மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ரோலர்களைத் துடைப்பதும், தேநீர் வாங்கி வருவதும் நம் பணிகள். இயந்திரத்தை ஓட்டியவர் நல்ல தொழிலாளி. கெட்ட மனிதர் என்று கூறமாட்டோம். ஆனால் மையையும் தண்ணீரையும் அவர் சரிசெய்யும் வேளை வந்தால் நம்மை எதற்காவது வெளியே அனுப்பிவிடுவார். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியின் அருகே நின்றோம். "தண்ணிப் பக்கம் கை வைக்காதே" என்றார். அவர் தொழில் இரகசியத்தை எண்ணித்தான் சொன்னார் போலும். ஊர்க்கிணற்றடியில் அதே சொற்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது வேறு விதமாகக் காதில் விழுந்தது. மூன்று ஆண்டுகள் அங்கிருந்தும் நாம் ஒரு தாளைக்கூடச் சொந்தமாக அச்சிட்டதில்லை. பின்னர் ஆசிரியப் பணிக்கு வந்தபின்னரே, கோடை விடுமுறைகளில் வேறோர் அச்சக நண்பரிடம் அமர்ந்து அத்தண்ணீரின் இரகசியத்தைக் கற்றுக்கொண்டோம்.

அவ்விரகசியம் இதுதான். பழைய எழுத்துக்கோப்பு அச்சில் எழுத்து மேடாக இருக்கும், மேட்டில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. ஆப்செட் பிளேட்டிலோ மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் இயற்கையை வைத்தே 1796-இல் செருமனியின் மியூனிக் நகரில் அலாய்ஸ் செனபெல்டர் கல்லச்சைக் கண்டார். எழுத்துள்ள இடம் எண்ணெய் மையை ஏற்கும். எழுத்தில்லா இடம் தண்ணீரை ஏற்று மையை விலக்கும். இன்றும் அதே விதிதான். பிளேட்டிலிருந்து மை நேரே தாளுக்குப் போகாமல், பிளாங்கெட் என்னும் இரப்பர் விரிப்புக்குப் போய், அதிலிருந்து தாளுக்கு மாறுவதால் 'ஆப்செட்' என்று பெயர் வந்தது. ஆகவே வெள்ளைத்தாளை வெள்ளையாக வைத்திருப்பது மை அன்று, தண்ணீர்.

இனி, அன்று நடந்ததைப் பார்ப்போம். மறுநாள் காலை நாம் சென்று, குப்பையில் கிடந்த தாள்களை அச்சான வரிசைப்படி அடுக்கிப் பார்த்தோம். முதல் 150 தாள்கள் ஓரளவு நன்றாகவே உள்ளன. அதன்பின் தாளின் ஓரத்தில் மெல்லிய கறை தொடங்குகிறது. கறையைக் கண்ட தம்பி தண்ணீரைக் கூட்டியிருக்கிறார். கறை சிறிது குறைந்தது. ஆனால் எழுத்து வெளிறியது. எழுத்து வெளிறியதும் மையைக் கூட்டியிருக்கிறார். மை கூடியதும் மீண்டும் கறை, மீண்டும் தண்ணீர். இப்படியே இரண்டும் ஒன்றையொன்று துரத்தி, 1,000 தாளை எட்டியபோது மை தண்ணீரைக் குடித்துத் தயிர்போல் ஆகிவிட்டது. அத்தகைய மை காயாது. காயாத மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமல் என்ன செய்யும்? ஈரம் ஏறிய தாளும் சுருண்டு, இயந்திரத்தின் வாயிலேயே சிக்கத் தொடங்கியது. எல்லாக் குறைகளுக்கும் வேர் முதல் கறை. அக்கறைக்கு வேர் எது என்று தேடினோம். தொட்டியில் ஊற்றப்பட்டிருந்தது பின்கட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர்! அந்நீரில் சோப்பு நுரைக்காது என்பதை அத்தெருப் பெண்கள் அனைவரும் அறிவர்.

தொட்டியில் ஊற்றும் நீர் வெறும் நீராக இருத்தல் கூடாது. 'பவுண்டன் சொல்யூஷன்' என்னும் கரைசலைக் குப்பியில் குறித்த அளவில் கலக்க வேண்டும். பெரும்பாலும் லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி லிட்டர் என்று குறித்திருப்பர். கலந்த நீர் சிறிது புளிப்புத் தன்மை உடையதாக, பி.எச். அளவில் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். உப்பு நீரில் உள்ள சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் இப்புளிப்பை முறித்துவிடும். முறிந்தால் பிளேட்டின் வெள்ளைப் பகுதி நீரைப் பற்றிக்கொள்ளும் வன்மையை இழந்து மையை ஏற்கத் தொடங்கும். அதுதான் அன்றைய கறை. அத்தம்பி சோம்பேறியும் அல்லர், அறிவிலியும் அல்லர். கரைசலைக் கலந்திருக்கிறார். நீர் கெட்டது என்று அவருக்குச் சொன்னவர் யாரும் இல்லை. நமக்கு அக்காலத்தில் யாரும் சொல்லாததைப்போல.

ஆதலின் முதல் ஏற்பாடாக, இயந்திரத்துக்கென்று சுத்திகரித்த குடிநீரைக் கேன்களில் வாங்கி வைக்க வேண்டும். குடிநீரை இயந்திரத்துக்கு ஊற்றுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஒரு கேன் பல நாளைக்கு வரும். ஆயினும் முற்றிலும் உப்பற்ற நீரும் சிறந்ததன்று. அது தாளின் மேற்பூச்சிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து இழுக்கும் என்பர். லிட்டருக்கு ஏறத்தாழ 140 முதல் 215 மில்லி கிராம் வரை கடினத்தன்மை இருப்பது நலம் என்பது அச்சுத்தொழில் வல்லுநர் கருத்து. அந்த நுணுக்கத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். இன்று நமக்கு வேண்டுவது இரண்டு பொருள்கள்: பி.எச். காட்டும் தாள் கட்டு ஒன்று, மின்கடத்தும் திறனை அளக்கும் சிறு கருவி ஒன்று. இக்காலத்துக் கரைசல்கள் தம் பி.எச். அளவைத் தாமே காத்துக்கொள்ளும்படி ஆக்கப்பட்டவை; அதனால் அளவுக்கு மிஞ்சிக் கலந்தாலும் பி.எச். தாள் அதைக் காட்டிக் கொடுக்காது. கருவியோ காட்டிவிடும். முதலில் வெறும் நீரை அளந்து எழுதுங்கள். கலந்த பின் அளந்து எழுதுங்கள். இரண்டின் வேறுபாடு நாள்தோறும் ஒரே அளவாக இருந்தால் உங்கள் கலவை சரி.

இனி இயக்கும் முறை. பிளேட்டின் மேலுள்ள கோந்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, முதலில் தண்ணீர் ரோலரை இறக்குங்கள். பிளேட் நன்கு நனைந்த பிறகே மை ரோலரை இறக்க வேண்டும். அதன்பின் அழுத்தம், அதன்பின் தாள். நிறுத்தும்போது இதற்குத் தலைகீழ். தாளை நிறுத்தி, அழுத்தத்தை எடுத்து, மையைத் தூக்கி, கடைசியாகத் தண்ணீரை நிறுத்துக. சாப்பிடப் போனாலும் சரி, மின்தடை வந்தாலும் சரி, சில நிமிடங்களுக்கு மேல் இயந்திரம் நின்றால் பிளேட்டுக்குக் கோந்து பூசாமல் நகரக் கூடாது. பூசாத பிளேட் காற்றுப்பட்டுக் கறுத்து, திரும்பி வருகையில் எங்கும் மையை ஏற்கும். நம் ஊரில் மின்தடைக்கு நேரம் காலம் கிடையாது. ஆகவே கோந்துக் கிண்ணமும் பஞ்சும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்? எவ்வளவு குறைவாக ஓட்ட முடியுமோ அவ்வளவே வேண்டும். புதிதாகக் கற்போர் எல்லாரும் செய்யும் பிழை, கறைக்கு அஞ்சித் தண்ணீரைக் கூட்டியே வைத்துக்கொள்வது. ஓடும்போது தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தாளின் ஓரத்தில் கறை தலைகாட்டும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து ஓர் அணுவளவு கூட்டி நிறுத்துங்கள். அதுவே அன்றைய வேலைக்கு உரிய அளவு. ஓடும் பிளேட்டைச் சாய்வாகப் பார்த்தால் மெல்லிய மினுமினுப்புத் தெரிய வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்தால் தண்ணீர் மிகுதி. மையைத் திருத்தினாலும் தண்ணீரைத் திருத்தினாலும், உடனே அடுத்த தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாற்றம் ரோலர்கள் வழியாகத் தாளுக்கு வந்து சேரப் பல தாள்கள் ஓட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமையே அன்று நம் 2,000 தாளைத் தின்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

கறை என்று நாம் கூறுவதிலும் இரு வகை உண்டு. இயந்திரத்தை நிறுத்தி, பிளேட்டை ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். எளிதில் போய்விட்டு, ஓட்டியதும் தாள் முழுவதும் மெல்லிய சாயமாகத் திரும்பி வந்தால், மை நீரில் கலந்து கசிகிறது. மையையோ கரைசலையோ மாற்ற வேண்டும். துடைத்தும் போகாது ஒரே இடத்தில் ஒட்டி நின்றால் பிளேட்டே மையை ஏற்கிறது. பிளேட் கிளீனர் இட்டுத் துடைத்து, நீரின் தன்மையைச் சோதிக்க வேண்டும். சில வேளைகளில் குற்றவாளி, தண்ணீர் ரோலரின் மேல் உறையிட்ட துணியாக இருக்கும். அத்துணி மை ஏறிக் கறுத்திருந்தால் எந்த நீரை ஊற்றியும் பயனில்லை. நம் இயந்திரத்தின் துணி, முந்தைய உரிமையாளர் காலத்தது என்று அஞ்சுகிறோம்.

ரோலர்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அவற்றை நாம்தானே கழுவி வந்திருக்கிறோம்! உப்பு நீரின் சுண்ணாம்பு ரோலரின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். அப்போது இரப்பர் வழுவழுப்பாகி மையை வாங்காது. வாரம் ஒருமுறை, மை கழுவியபின், சுண்ணாம்பைக் கரைக்கும் திரவத்தாலும் நீராலும் கழுவுதல் நலம். பிளேட்டின் மேல் மை ரோலரை ஒருமுறை தொடவிட்டுத் தூக்கினால் ஒரு கோடு விழும். அக்கோடு இடமிருந்து வலம் ஒரே அகலமாக இருக்க வேண்டும். 3 முதல் 5 மில்லி மீட்டர் வரை என்பது பொதுவான கணக்கு. உங்கள் இயந்திரத்தின் கையேடு கூறுவதே முடிவானது. ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருந்தால் ரோலர் சாய்ந்திருக்கிறது என்று பொருள். இரவில் வீட்டுக்குப் போகும்முன் ரோலர்களைத் தூக்கி வைத்துவிட்டுப் போங்கள். அழுத்தத்திலேயே கிடந்தால் அவை ஒருபுறம் தட்டையாகிவிடும்.

பிளாங்கெட்டின் அடியில் வைக்கும் பேக்கிங் தாளைக் கைமதிப்பில் வைக்கும் வழக்கத்தை விடுக. மைக்ரோமீட்டர் என்னும் கருவியை நம் பள்ளி இயற்பியல் கூடத்தில் பிள்ளைகள் திருகு அளவி என்று பயில்கின்றனர். பாடநூலில் உள்ள அக்கருவிக்கு உண்மையான வேலை இங்கே இருக்கிறது. பிளேட்டுக்கும் பிளாங்கெட்டுக்கும் இடையே வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 0.1 மில்லி மீட்டர். எழுத்து சரியாக விழவில்லை என்று மேலும் மேலும் தாளைத் திணித்தால் புள்ளிகள் நசுங்கும். பிளேட்டும் விரைவில் தேயும்.

தாளைப் பொறுத்தவரை மூன்று சொற்கள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டைப் பிரித்துப் போட்டு வைக்காதீர்கள். ஓரம் அலையாக எழும்பி, தாள் மடிந்து பிளாங்கெட்டை நசுக்கும். ஏற்றுமுன் தாளை விசிறிக் காற்றுப் புகவிடுங்கள். இரட்டைத் தாள் போகாது. தாளில் இழையோட்டம் என்று ஒன்று உண்டு. துண்டொன்றை ஒருபுறம் நனைத்தால் அது சுருளும் அச்சுக்கு இணையான திசையே இழையின் திசை. பல வண்ண வேலையை ஒற்றை வண்ண இயந்திரத்தில் பலமுறை ஓட்டுகையில், இழை உருளையின் நீளத்துக்கு இணையாக இருந்தால்தான் வண்ணம் வண்ணத்தோடு பொருந்தும்.

அச்சான தாளை உயரமாகக் குவிக்கும் ஆசையும் கூடாது. பளபளப்புத் தாளானால் சாண் உயரத்துக்கு மேல் அடுக்காமல் பலகையிட்டுப் பிரித்து வையுங்கள். இயந்திரத்தின் மேல் மணிக்கு 8,000 தாள் என்று எழுதியிருக்கலாம். அதைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் ஆண்டில் 3,000-க்கு மேல் ஓட்டாதவனை நாம் கெட்டிக்காரன் என்போம்.

இனிச் சொல்லப்போவதை மற்றவை மறந்தாலும் மறவாதிருங்கள். ஜப்பானில் ஒசாகா நகரத்து அச்சகம் ஒன்றில், மாதிரித்தாள் அச்சிடும் ஆப்செட் இயந்திரங்களின் பிளாங்கெட்டைத் துடைத்து வந்த தொழிலாளர்களிடம் பித்தநாளப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவது 2012-இல் வெளிவந்தது. அந்நோய் பொதுவாக முதுமையில் வருவது. அங்கு நோயுற்றவர்களோ இளைஞரும் நடுவயதினரும். அந்த ஓர் அச்சகத்தில் மட்டும் 17 பேர் கண்டறியப்பட்டனர். காற்றோட்டம் குறைந்த அறையில், மை கழுவும் திரவத்தின் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்ததே காரணம் என்று தெரிந்தது. அத்திரவத்தில் இருந்த 1,2-டைகுளோரோபுரோபேன் என்னும் பொருளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதற்பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் சேர்த்தது.

தம்பிமார்களே, கழுவும் வேலை யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வெளி அச்சகங்களில் இன்று வேலை செய்யும் நம் பிள்ளைகளும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் கையில் தரப்படும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெயரில்லாத டப்பாவை வாங்காதீர்கள். பெட்ரோலால் கழுவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் ஆவியும் நஞ்சு, ஒரு பொறி பட்டால் அறையே எரியும். சன்னலைத் திறந்து, ஆவியை வெளியேற்றும் மின்விசிறியை ஓடவிட்டு, கையுறை அணிந்து கழுவுங்கள். நனைந்த துணியை மூடியுள்ள தகரப் பெட்டியில் போடுங்கள். நம் பின்கட்டு அறையில் ஒரே ஒரு சிறிய சன்னல் இருக்கிறது. புதிய மைக்கும் பிளேட்டுக்கும் முன்னால், அச்சுவரில் வெளியேற்று விசிறி ஒன்று பொருத்தப்பட வேண்டும் என்று செயற்குழுவை இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறோம்.

ஓடும் இயந்திரத்தில் துணியோடு கையை நீட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும். துணியை உருளை இழுத்தால் கையும் உடன் போகும். பிளேட்டில் ஒரு தூசு ஒட்டி வளையப் புள்ளி விழுந்தால், விரலால் தட்டிவிடும் சாமர்த்தியத்தைப் பழைய தொழிலாளர் சிலர் காட்டுவர். அவர்களில் விரல் குறைந்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். வேட்டி, லுங்கி, தோள்துண்டு, மோதிரம், கைக்கயிறு இவை இயந்திரத்தின் அருகே ஆகா. தங்கைமார்கள் கூந்தலை முடிந்து கட்டி, துப்பட்டாவை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். இருவர் வேலை செய்கையில், பொத்தானை அழுத்துமுன் உரக்கச் சொல்லி, மற்றவர் மறுமொழி கூறிய பிறகே அழுத்துக. காப்புக் கதவின் சுவிட்சைக் கம்பியால் கட்டி வைத்துவிட்டு ஓட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நம் இயந்திரத்திலும் அப்படி ஒரு கம்பி இருந்தது. அதை நாமே அறுத்தெறிந்தோம்.

தொழிலின் கணக்கு வழக்கைப் பற்றி நீளப் பேச நேரமில்லை. மெய்ப்பில் வாடிக்கையாளரின் கையொப்பம் பெறாமல் பிளேட் போடாதீர்கள். திருமண அழைப்பில் முகூர்த்த நேரம் தவறினால் தாளின் விலை மட்டுமா போகும்? சரிசெய்யும்போது வீணாகும் தாள்களையும் விலையில் சேருங்கள். உறவினர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். தேர்தல் காலத்தில் சுவரொட்டி வேலை வரும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையொப்பமிட்டு, அவரை அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரு படிகளாகப் பெற வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. எவ்வளவு நெருங்கிய கட்சிக்காரராயினும் பெயரில்லாத சுவரொட்டியை அச்சிட மறுத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு சொல். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். 1920-இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். பின்னாளில் பாரத் பூஷண் என்னும் அச்சகத்தையே நடத்தினார். நம்மவருக்கு அச்சு புதிதன்று. நம் கையை விட்டுப் போயிருந்தது, அவ்வளவே. ஒற்றை இயந்திரத்தோடு நின்றுவிடவும் தேவையில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் தொடங்க 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் கொண்டு வந்தது. அதைப்பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் மானியம் வாங்கிய இயந்திரத்திலும் தொட்டியில் உப்பு நீரை ஊற்றினால் கறைதான் விழும். ஆகவே இந்தப் பழைய இயந்திரத்தில் முதலில் கற்றுத் தேறுவோம்.

செயற்குழுவிடம் நாம் வேண்டுவது இரண்டு மாத அவகாசம். அந்த 60 நாளும் ஒரு நோட்டுப் புத்தகம் இயந்திரத்தருகே கட்டித் தொங்கும். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, தாளின் வகை, ஜி.எஸ்.எம்., நீரின் பி.எச்., கருவி காட்டிய அளவு, வீணான தாள், யார் ஓட்டினார் என்பவை அதில் எழுதப்படும். கழுவுவதும் ஓட்டுவதும் முறை வைத்து எல்லாருக்கும் வரும். கழுவுபவர் என்று தனியாக ஒருவர் இருக்கமாட்டார். அந்நோட்டைப் பார்த்துவிட்டு விற்பதா வைத்துக்கொள்வதா என்று பெரியவர்கள் முடிவு செய்யட்டும்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு, பெயர் கொடுத்த ஐவரும் பின்கட்டுக்கு வாருங்கள். அன்று ஓட்டிய தம்பி கட்டாயம் வர வேண்டும். குடிநீர்க் கேன் இரண்டும் பி.எச். தாளும் நாம் கொண்டு வருகிறோம். தொட்டியைக் கழுவி, தண்ணீர் ரோலருக்குப் புதுத் துணி மாட்டிவிட்டு, அதே விழா அறிவிப்பை மீண்டும் ஒருமுறை அச்சிடுவோம். 2,000 வேண்டாம், 200 தாள் போதும்.